கென்டே: பெயர் பாவில், பகட்டு ஊடையில்

2020 ஜூன் 8ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் மண்டியிட்டு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்டதை ஒட்டி நடந்த நிகழ்ச்சி அது. நான்சி பெலோசி தொடங்கிப் பலரும் கழுத்தில் பளிச்சென்ற நிறங்களில் ஒரு நீளத் துண்டு போட்டிருந்தார்கள். அடுத்த சில நாட்களுக்கு இணையம் முழுக்க அந்தத் துண்டைப் பற்றித்தான் பேச்சு. ஆப்பிரிக்கத் துணி என்றார்கள். அரசர்கள் மட்டுமே உடுத்துவது என்றார்கள். மஞ்சள் என்றால் செல்வம், பச்சை என்றால் வளம், சிவப்பு என்றால் தியாகம் என்று ஒரு பட்டியலும் கூடவே சுற்றியது.

அந்தத் துணிதான் கென்டே. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டின் நடுப்பகுதியில் வாழும் அஷாந்தி மக்களின் கைத்தறித் துணி. சுற்றிவந்த தகவல்களில் அப்பட்டமான பொய் குறைவு, அரைகுறை உண்மைதான் அதிகம். தறியில் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே நிறத்துக்குப் பொருள் சொல்லப் போவதால் வரும் குழப்பம் இது என்பது என் கணிப்பு. ஆகவே இங்கே தறியிலிருந்து தொடங்குகிறேன். அரசர், அரசியல், அர்த்தம் எல்லாம் அப்புறம்.

## யாருடைய துணி, எந்த ஊர்த் துணி

அஷாந்தி மக்கள் அக்கான் என்ற பெரிய இனக்குழுவைச் சேர்ந்தவர்கள். பேசுவது ட்வி மொழி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒசெய் டுட்டு என்பவர் பல சிறு அரசுகளை ஒன்றாக்கி, குமாசி நகரைத் தலைநகராகக் கொண்டு அஷாந்தி அரசை நிறுவினார். அந்த அரசு தங்கத்தாலும் வணிகத்தாலும் வளர்ந்தது. அடிமை வணிகத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்று கானா குடியரசு. ஆனாலும் குமாசியில் அரசர் இருக்கிறார். அவருடைய பட்டம் அசாந்தெஹெனே.

குமாசியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது பொன்விரே. கென்டே நெசவின் பேரூர் என்று சொல்ல வேண்டும். அதை ஒட்டிய அடான்வோமாசே போன்ற ஊர்களிலும் தறிகள் உண்டு. உள்ளூரில் இந்தத் துணிக்கு ன்வென்டோமா என்றும் பெயர்.

இன்னும் இரண்டு துணிகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கக் கிடைக்கும் மெழுகு அச்சுத் துணி. அது ஆலையில் அச்சடிப்பது. இன்னொன்று, அடின்க்ரா. அதுவும் அஷாந்தித் துணிதான், ஆனால் நெசவில் வரும் வடிவம் கிடையாது. சுரைக்காய் ஓட்டில் செதுக்கிய அச்சை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துத் துணியில் குத்துவார்கள். நிட்டொன்சோ என்ற ஊர் அதற்குப் பெயர் பெற்றது. ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பெயரும் ஒரு பொருளும் அடின்க்ராவில் உண்டு. கென்டேயையும் சின்னம் சின்னமாகப் படித்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு இங்கிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும்.

## பாவும் ஊடையும்: ஒரு கோரைப்பாய் போதும்

கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் நூல், குறுக்குவாக்கில் கோரை. முதலில் நூலை இழுத்துக் கட்டுகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு கோரையாகக் குறுக்கே நுழைத்து, முந்தைய கோரையோடு ஒட்டும்படி தட்டிச் சேர்க்கிறார்கள். முடிந்த பாயில் கண்ணுக்குத் தெரிவது கோரை மட்டுந்தான். நூல் உள்ளேதான் இருக்கிறது, பாயைக் கட்டிப் பிடித்திருப்பதே அதுதான், ஆனாலும் மறைந்துவிட்டது. பாய் என்ன நிறம் என்பதைக் கோரைக்கு ஏற்றிய சாயம் முடிவு செய்கிறது. உள்ளே போன நூல் சிவப்பா கறுப்பா என்று யாரும் கவனிப்பதில்லை.

நெசவில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு. அதன் ஊடாகக் குறுக்கே போய்வருவது ஊடை. பருத்தியோ பட்டோ, எந்தத் துணியும் இந்த இரண்டால் ஆனதுதான்.

பாயில் ஏன் கோரை தெரிகிறது, நூல் மறைகிறது? நூல்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. கோரைகள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. இதைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும்? நீளவாக்கில் கோரைகளை இடமே விடாமல் நெருக்கி அடுக்கி, குறுக்கே மெல்லிய நூலை ஓட்டினால், அப்போதும் கோரைதான் தெரியும், ஆனால் இந்த முறை நீளக் கோடுகளாக. ஆக, நெருக்கமாக இருப்பது வெளியே தெரியும், தள்ளி நிற்பது உள்ளே போகும். கென்டேயைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதி போதும்.

நாம் உடுத்தும் சாதாரண வேட்டி, சட்டைத் துணியில் பாவும் ஊடையும் ஏறக்குறைய சமமாகத் தெரியும். இரண்டும் இரண்டு நிறமானால் கலந்து மூன்றாவது நிறமாகத் தோன்றும். கென்டேயில் அந்தக் கலப்பே வேண்டாம் என்பதுதான் நெசவாளரின் ஆசை. மஞ்சள் என்றால் மஞ்சளாகவே நிற்க வேண்டும்.

## நான்கு அங்குலத் தறி

கென்டேயை அகலத் துணியாக நெய்வதில்லை. சுமார் நான்கு அங்குல அகலத்தில் நீண்ட பட்டைகளாக நெய்து, பின்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துப் பெரிய துணியாக்குகிறார்கள். முதல்முறை கேட்பவர்களுக்கு இது ஏதோ குறை போலத் தோன்றும், "பெரிய தறி செய்யத் தெரியாதா?" என்று. துணியின் மொத்த அழகும் இந்தக் குறுகிய பட்டையிலிருந்துதான் வருகிறது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

தறி நான்கு கால் நட்ட ஒரு மரச்சட்டம். நெசவாளர் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொள்வார். பாவு அவர் முன்னால் பல மீட்டர் தூரத்துக்கு நீண்டு கிடக்கும். அதன் மறுமுனையைத் தரையில் ஒரு கனமான பாரத்தோடு கட்டியிருப்பார்கள். நெய்ய நெய்ய, முடிந்த பட்டையை மடிப்பக்கமுள்ள உருளையில் சுற்றிக்கொண்டே போனால், அந்தப் பாரம் தரையில் இழுபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் வரும். பாவை விறைப்பாக வைத்திருப்பதும் அதுவே. பெரிய தொழிற்கூடம் எதுவும் வேண்டாம், ஒரு மரநிழலும் எதிரே கொஞ்சம் வெட்டவெளியும் இருந்தால் தறி ஓடும்.

காலுக்கு மிதிகட்டை கிடையாது. தறியிலிருந்து தொங்கும் கயிறுகளின் நுனியில் சிறு வட்டத் துண்டுகள் இருக்கும். நெசவாளர் அவற்றைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கவ்விக்கொண்டு, ஒரு காலை இறக்கி மறுகாலை ஏற்றி வேலை செய்வார். 1817இல் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு குமாசிக்குப் போன தாமஸ் பவ்டிச் இந்தக் கால்விரல் கயிறுகளையும் நான்கு அங்குல அகலத்தையும் குறித்து வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளில் இந்த இரண்டும் பெரிதாக மாறவில்லை.

இந்த வகைப் பட்டைத் தறி அஷாந்திகளுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பரவலானது. மாலி நாட்டின் பண்டியகாரா மலைக் குகைகளில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பட்டைத் துணிகள் கிடைத்துள்ளன. அஷாந்தி நெசவாளர்கள் தனித்து நிற்பது அந்தத் தறியில் அவர்கள் சேர்த்துக்கொண்ட ஒரு கூடுதல் அமைப்பால்.

## இரண்டு ஜோடி விழுதுகள்

கட்டுரையின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விழுது என்பது பாவு நூல்களைத் தூக்கவும் இறக்கவும் கட்டியிருக்கும் கண்ணிகளின் வரிசை. ஒவ்வொரு பாவு நூலும் ஒரு கண்ணிக்குள் நுழைந்து போகும். ஒரு வரிசையில் ஒற்றைப்படை நூல்கள், அடுத்த வரிசையில் இரட்டைப்படை நூல்கள். ஒரு வரிசை ஏறும்போது மற்றது இறங்கும். நடுவில் திறக்கும் இடைவெளியில் நாடா, அதாவது ஊடை நூலைச் சுமந்து போகும் கட்டை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். அப்புறம் வரிசைகள் இடம் மாறும், நாடா திரும்பி வரும். எளிய நெசவுக்கு இந்த ஒரு ஜோடி விழுது போதும்.

அஷாந்தித் தறியில் இரண்டு ஜோடி உண்டு. முதல் ஜோடிக்குப் பெயர் அசாட்டியா. நான் மேலே சொன்ன ஒன்று விட்டு ஒன்று வேலையை அது செய்கிறது. கென்டே பாவு மிக நெருக்கமானது. அதனால் இந்த ஜோடியில் நெய்யும்போது பாவு வெளியே தெரியும், ஊடை உள்ளே மறையும். பாவில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நூல் அடுக்கியிருந்தால் பட்டை நெடுக அந்தக் கோடுகள் ஓடும்.

இரண்டாவது ஜோடி அசானான். அதே பாவு நூல்கள் இந்தக் கண்ணிகளில் கொத்துக் கொத்தாக நுழைந்திருக்கும். ஒரு கொத்தில் பெரும்பாலும் ஆறு நூல். இந்த ஜோடியை இயக்கினால் ஆறு நூலும் ஒரே கயிறு போலச் சேர்ந்து ஏறும், அடுத்த ஆறு சேர்ந்து இறங்கும். நூலின் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ஆறு ஆறாக ஒட்டிக்கொண்டதும் கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் இடம் பிறந்துவிட்டது. இப்போது பாவு தள்ளித் தள்ளி நிற்கிறது. அச்சால், அதாவது ஊடையைத் தட்டிச் சேர்க்கும் சீப்பு போன்ற சட்டத்தால், தட்டத் தட்ட ஊடை அந்த இடங்களில் இறங்கி நெருங்கி, பாவை முழுக்க மூடிவிடுகிறது. கோரைப்பாயில் நடந்த அதே காரியம்.

ஆக, நெசவாளர் கால்விரலை ஒரு ஜோடிக் கயிற்றிலிருந்து அடுத்த ஜோடிக்கு மாற்றினாரா, பட்டையில் நெடுங்கோடு நின்று, குறுக்குவாக்கில் அடர்ந்த நிறக் கட்டம் தொடங்கிவிடும். திரும்ப மாற்றினால் கோடுகள் விட்ட இடத்திலிருந்து மறுபடி வரும். அவை எங்கும் போய்விடவில்லை, கட்டத்துக்கு அடியில் மறைந்து ஓடிக்கொண்டிருந்தன. ஊடைக் கட்டத்தின் நிறத்துக்கும் பாவின் நிறத்துக்கும் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை. ஒரு விரல் அகலம் சிவப்பு, அடுத்து பச்சை, அடுத்து கறுப்பு என்று விருப்பப்படி அடுக்கலாம். இந்தக் குறுக்குப் பட்டிகளுக்கு பபாடுவா என்று பெயர்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிவிடலாம். பாவு நெருங்கினால் நெடுங்கோடு, ஊடை நெருங்கினால் குறுக்குக் கட்டம். முதல் ஜோடி விழுது கோட்டைத் தருகிறது, இரண்டாவது ஜோடி கட்டத்தைத் தருகிறது. ஒரே பாவில் இரண்டும் மாறி மாறி வருவதுதான் கென்டே நெசவு.

## பட்டைகள் சேரும்போது

ஒரு தனிப் பட்டையைப் பார்த்தால் கோடு, கட்டம், கோடு, கட்டம் என்று போய்க்கொண்டிருக்கும். இரண்டு பட்டைகளைப் பக்கத்தில் வைக்கும்போது ஒன்றை ஒரு கட்டத் தூரம் நகர்த்தி வைத்தால், இங்கே கட்டம் இருக்கும் இடத்தில் அங்கே கோடு வரும். இருபது பட்டைக்கு மேல் இப்படி வைத்துத் தைத்தால் துணி முழுக்கச் சதுரங்கள் மின்னும். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கென்டேயைக் கட்டம்போட்ட துணி என்று சொல்வது இந்த அமைப்பைப் பார்த்துத்தான். தறியில் இருந்தபோது அங்கே அந்தச் சதுரங்க அமைப்பு இல்லவே இல்லை. தையலில்தான் அது உருவாகிறது.

சொல்ல எளிது, செய்வது அப்படியில்லை. ஒரு பட்டையில் ஒரு கட்டம் அரை அங்குலம் கூடிப்போனால், அடுத்த கட்டமும் தள்ளிப்போகும், அதற்கடுத்ததும் தள்ளிப்போகும். முனைக்கு வரும்போது பக்கத்துப் பட்டையோடு ஒட்டவே ஒட்டாது. அதனால் நெசவாளர் ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து அளந்து நெய்கிறார். துணி முழுதாக எப்படி இருக்கும் என்பது தொடக்கத்திலேயே அவர் மனக்கணக்கில் இருக்க வேண்டும். கண் முன்னால் இருப்பதோ நான்கு அங்குலம்தான்.

ஆண்கள் உடுத்தும் முழுத் துணிக்குச் சுமார் இருபத்துநான்கு பட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் என்று வைத்தால்கூட எழுபது மீட்டருக்கு மேல் பட்டை நெய்தாக வேண்டும். இதை உடலில் சுற்றி, இடது தோளில் போட்டு, வலது தோளைத் திறந்து விடுவார்கள். பெண்களுக்குச் சிறிய துணிகள்: ஒன்று இடுப்பில் சுற்ற, இன்னொன்று மேலே போர்த்த.

## வெற்றிடத்தை நிரப்பும் கூடுதல் ஊடை

கோடும் கட்டமும் மட்டும் என்றால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். கோடு ஓடும் பகுதியில் இன்னொரு அடுக்கு வேலையும் செய்யலாம். அடித்தளத்தை நெய்யும் சாதாரண ஊடையோடு, தனி நிறத்தில் இன்னொரு ஊடையைச் சில பாவு நூல்களுக்கு மேலாக மட்டும் ஓட்டினால் முக்கோணம், படிக்கட்டு, குறுக்கு வெட்டு என்று வடிவங்கள் எழும். நம் தறிக்காரர்கள் புட்டா போடுவது என்பார்களே, ஏறக்குறைய அந்த வேலை. ட்வியில் இதற்கு அட்வெனெ என்று பெயர். கேடயம், பானை ஓடு, நத்தையின் பின்பக்கம் என்று இந்த வடிவங்களுக்கும் பெயர் உண்டு. எல்லாமே நேர்கோடுகளால் ஆனவை. பெயர் தெரிந்த பிறகு பார்த்தால்தான் நத்தை கொஞ்சம் நத்தையாகத் தெரியும்.

வடிவ வேலை எதுவும் இல்லாமல் கோடு மட்டும் நெய்த துணி அஹ்வெபான். அதன் மறு எல்லையில், கோடு ஓடும் இடம் ஒவ்வொன்றையும் வடிவத்தால் நிரப்பிய துணி அட்வினாசா. "என் கைவசம் இருந்த வித்தையெல்லாம் தீர்ந்துவிட்டது" என்று நெசவாளர் சொல்வது போன்ற பெயர். 1960இல் கானா அரசு ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு பெரிய கென்டே துணியை அன்பளிப்பாகக் கொடுத்தது. 1995இல் அதற்குப் பதிலாக வைத்த புதிய துணிக்கு இந்த அட்வினாசா பெயர்தான்.

மூன்றாவது ஒரு ஜோடி விழுதும் உண்டு. அதை வைத்து நெய்யும் துணியில் வடிவங்கள் சாய்வாக ஓடும். அசாசியா என்ற அந்த வகை அசாந்தெஹெனேவுக்கு உரியது. "அரசர் மட்டுமே உடுத்துவது" என்ற பேச்சு முழுதாகப் பொருந்துவது இந்த ஒரு வகைக்குத்தான்.

## துணிக்குப் பெயர் வைப்பது எதை வைத்து

கோடு, கட்டம், வடிவம் மூன்றும் தெரிந்துவிட்டது. ஒரு கென்டே துணியின் பெயர் இந்த மூன்றில் எதில் இருக்கிறது? பளிச்சென்று தெரியும் கட்டங்களில் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அஷாந்தி வழக்கில் துணியின் பெயர் பெரும்பாலும் பாவுக்கு உரியது. எந்தெந்த நிறக் கோடு, எந்த வரிசையில், எவ்வளவு அகலத்தில் என்பதுதான் துணியின் அடையாளம். பிரிட்டிஷ் ஆட்சியில் அங்கே மானுடவியலாளராகப் பணியாற்றிய ராட்ரே 1920களில் இப்படிப் பல துணிகளைப் பெயரோடு பதிவு செய்தார். அவர் எழுதி வைத்ததும் பாவுக் கோடுகளின் வரிசையைத்தான்.

உதாரணமாக ஒயோகோமான். ஒயோகோ என்பது அஷாந்தி அரசர்கள் வரும் குலம். அந்தக் குலத்தின் பெயரில் ஒரு பாவு. அதன் மேல் எத்தனை விதமாக ஊடைக் கட்டம் போட்டாலும், எந்த வடிவத்தை ஏற்றினாலும், அது ஒயோகோமான் குடும்பத்துத் துணிதான். சிகா ஃபுத்துரோ இன்னொன்று. அதன் பெயருக்குத் தங்கத் தூள் என்று பொருள், அந்த நாட்டில் தங்கத் தூள் பணமாகவே புழங்கிய காலம் உண்டு. அரசர், அரசி, குலம், பழமொழி, நடந்த சம்பவம், இவற்றிலிருந்து பெயர்கள் வருகின்றன.

பெயர் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு அரசியல் கதை நன்றாகக் காட்டும். கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ரூமா 1957 இறுதியில் ஃபாத்தியா என்ற எகிப்தியப் பெண்ணை மணந்தார். அந்தத் திருமணத்தைச் சிறப்பிக்க ஒரு துணி "ஃபாத்தியா ஃபாத்தா நிக்ரூமா", அதாவது "நிக்ரூமாவுக்கு ஃபாத்தியா பொருத்தம்", என்று பெயர் பெற்றது. 1964இல் நாடு ஒரே கட்சியின் ஆட்சியானது. 1966 பிப்ரவரியில் ராணுவம் நிக்ரூமாவைக் கவிழ்த்தது. அதற்குப் பிறகும் அந்தத் துணியை நெய்தார்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள்: "ஒபாக்கோஃபோ ம்மு மான்". நாட்டை ஒரே ஆள் ஆள்வதில்லை என்று பொருள். 1960இல் நிக்ரூமா அரசு ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்தது என்றேனே, அந்தத் துணிக்கு என்ன பெயர் தெரியுமா? "ஒரு தலை மட்டும் சபை ஆகாது." வரலாறு சில நேரம் இப்படிக் கேலி செய்துவிடுகிறது.

ஃபாத்தியா துணியில் ஒரு நூல்கூட மாறவில்லை, ஆனால் திருமண வாழ்த்து அரசியல் குத்தலாக மாறிவிட்டது. பொருள் நிறத்திலேயே ஊறியிருந்தால் இது நடக்குமா? இந்தக் கேள்வியோடு இணையத்தில் சுற்றும் நிறப் பட்டியலுக்குப் போகலாம்.

## அப்படியானால் நிறங்களுக்குப் பொருளே இல்லையா

உண்டு. அக்கான் பண்பாட்டில் நிறங்களுக்கு நெடுங்காலப் பழக்கம் சார்ந்த பொருள்கள் இருக்கின்றன. பொன் மஞ்சளுக்குச் செல்வமும் அரசும், வெள்ளைக்கு மகிழ்ச்சியும் தூய்மையும். கருஞ்சிவப்பும் கறுப்பும் துக்கத்தோடு சேர்ந்தவை, இறப்பு வீட்டுக்கு அந்த நிறத் துணிகளைத்தான் பார்த்து எடுப்பார்கள். ஒருவர் எந்த நிகழ்ச்சிக்கு எந்தத் துணி எடுக்கிறார் என்பதில் இதெல்லாம் வேலை செய்யும்.

ஆனால் "இந்தத் துணியில் பச்சை இருக்கிறது, ஆகவே இது வளத்தைச் சொல்கிறது" என்று வாசிப்பது வேறு. ஒரே துணியில் ஐந்தாறு நிறம் இருக்கும். ஊடைக் கட்டத்துக்கு எந்த நிறம் என்பதை வாடிக்கையாளர் கேட்டதை வைத்தும், கையிலுள்ள நூலை வைத்தும், பாவுக்கு எது எடுப்பாக இருக்கும் என்ற கண்ணை வைத்தும் நெசவாளர் முடிவு செய்வார். நிறப் பட்டியல்காரர்கள் ஒரு உண்மையை எடுத்து அகராதியாக்கிவிட்டார்கள். விற்பனைச் சீட்டில் எழுத அது வசதி, அவ்வளவுதான்.

சுருக்கமாகச் சொன்னால், துணியின் பெயர் பாவில். கண்ணைப் பறிக்கும் பகட்டு ஊடையில். பொருள் என்பது அந்தப் பெயரைச் சுற்றி மக்கள் சொல்லும் கதையிலும், அதை யார், எப்போது உடுத்துகிறார் என்பதிலும்.

## சிலந்தியும் பட்டும்

பொன்விரேயில் சொல்லும் கதை இது. காட்டுக்கு வேட்டைக்குப் போன இருவர் ஒரு சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். ஊருக்கு வந்து, ராஃபியா பனையின் நாரால் அதேபோல் பின்னிப் பார்த்து, அரசர் ஒசெய் டுட்டுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அக்கான் கதைகளின் பெரிய தந்திரக்காரன் அனான்சி என்ற சிலந்திதான். நெசவுக்கும் அவனே குரு என்பது ஊருக்குப் பெருமை.

வரலாறு இன்னொரு வழியைக் காட்டுகிறது. பட்டைத் தறி வடக்கிலிருந்து வணிகப் பாதைகளோடு வந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் பருத்தி: வெள்ளையும் அவுரி நீலமும். உள்ளூரில் எளிதில் கிடைத்த நிறங்கள் அவை. சிவப்பும் மஞ்சளும் எங்கிருந்து வந்தன? கடற்கரைக் கோட்டைகளில் இருந்த ஐரோப்பிய வணிகர்களிடம் வாங்கிய பட்டுத் துணிகளிலிருந்து. அந்தத் துணிகளை அப்படியே உடுத்தாமல், நூல் நூலாகப் பிரித்தெடுத்து, தங்கள் தறியில் மறுபடி நெய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த டேனிஷ் வணிகர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பவ்டிச்சும் இதைச் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. நெய்து முடித்த, விலை கொடுத்து வாங்கிய பட்டுத் துணியை அக்கக்காகப் பிரிப்பதென்றால் கையில் எவ்வளவு செல்வம் இருக்க வேண்டும், தன் நெசவின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்! பின்னாளில் பட்டு நூலே நேரடியாக இறக்குமதியானது. இன்று பெரும்பாலும் ரேயான், பருத்தி. பட்டில் நெய்தால்தான் உண்மையான கென்டே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நெசவு ஆண்களின் தொழிலாக இருந்தது. மாதவிலக்கை ஒட்டிய விலக்குகளால் பெண்கள் தறியைத் தொடக்கூடாது என்றிருந்தது. நூல் நூற்பது மட்டும் அவர்களுடையது. இப்போது தறியில் உட்காரும் பெண்களும் இருக்கிறார்கள்.

## அரசர் உடுத்திய துணி, எல்லாரும் உடுத்திய துணி

அந்தக் காலத்தில் புதிய வடிவம் ஒன்றை நெய்தால் முதலில் அரசரிடம் காட்ட வேண்டும். பிடித்தால் தனக்கென்று வைத்துக்கொள்வார், இல்லையென்றால் இன்னொரு தலைவருக்கு விட்டுக்கொடுப்பார். பொன்விரே நெசவாளர்கள் அரண்மனைக்காக நெய்தார்கள். ஆனால் காலப்போக்கில் கையில் காசுள்ளவர் எவரும் வாங்கலாம் என்றானது. இன்று திருமணம், திருவிழா, பெயர் சூட்டும் நாள் என்று நல்ல காரியங்களுக்கெல்லாம் கென்டே எடுக்கிறார்கள்.

உலகம் அதைக் கவனித்தது நிக்ரூமாவால்தான். 1958இல் அவர் அமெரிக்கா போனபோது அவரும் உடன் சென்றவர்களும் கென்டேயில் இருந்த புகைப்படங்கள் பரவின. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் அதைத் தங்கள் வேர்களின் அடையாளமாக எடுத்துக்கொண்டதற்கு அது பெரிய காரணம். ஒரு சின்னத் திருத்தம்: 1957 மார்ச் 6ஆம் தேதி நள்ளிரவில் கானாவின் விடுதலையை அறிவித்தபோது நிக்ரூமா உடுத்தியிருந்தது கென்டே அல்ல. அது ஃபுகு என்ற, வடகானா மக்களின் தளர்வான மேற்சட்டை. பல இடங்களில் இதை மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

அஷாந்தி அல்லாத இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கானாவின் கிழக்கிலும் டோகோவிலும் வாழும் எவே மக்களும் இதே மாதிரித் தறியில் பட்டை நெய்கிறார்கள். அடங்கிய நிறங்கள், பருத்தி அதிகம், வடிவங்களில் மீன், பறவை, மனிதர் என்று அடையாளம் தெரியும் உருவங்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்று இரு தரப்புக்கும் நீண்ட வாக்குவாதம் உண்டு. போர், வணிகம், இடப்பெயர்ச்சி என்று நெசவாளர்கள் கலந்தே இருந்த நாட்டில், கொடுத்தவர் வாங்கியவர் என்று ஒரே திசையில் தீர்ப்பு எழுதுவது வீண் வேலை என்று நினைக்கிறேன்.

## அச்சுக் கென்டேயும் தறிக் கென்டேயும்

2024 டிசம்பரில் யுனெஸ்கோ கென்டே நெசவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கானாவின் 2005 பதிப்புரிமைச் சட்டமும் இப்படிப்பட்ட மரபு வடிவங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தால் கானாவுக்கு வெளியே அச்சடிக்கும் ஆலையைத் தடுக்க முடிவதில்லை. ஒரு முழுத் துணி நெய்ய வாரக்கணக்கில், வேலைப்பாடு கூடினால் மாதக்கணக்கில் ஆகும். அதே தோற்றத்தை ஆலை ஒரு நாளில் எத்தனையோ மீட்டர் அச்சடித்துத் தள்ளிவிடும். சந்தையில் விலை ஒன்றுக்குப் பல மடங்கு வித்தியாசம் இருக்கும்போது எது அதிகம் விற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அச்சுத் துணி வாங்குவதில் தவறொன்றும் இல்லை. அதைக் கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் தவறு.

பிரித்தறிவது கடினமில்லை, மேலே பார்த்த தறி வேலையே வழிகாட்டும். முதலில் தையலைத் தேடுங்கள். நான்கு அங்குலத்துக்கு ஒரு தையல் இருக்க வேண்டும். பட்டைகள் சந்திக்கும் இடத்தில் சதுரங்கள் மயிரிழை பிசகாமல் துணி முழுக்க ஒரே மாதிரி பொருந்தினால் சந்தேகப்படலாம். கையால் நெய்ததில் அங்கங்கே சிறு பிசகு இருக்கும். அடுத்து, துணியைத் திருப்புங்கள். அச்சடித்ததில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். நெய்ததில் ஊடைக் கட்டம் இரு பக்கமும் ஒரே அழுத்தமான நிறத்தில் இருக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால், கட்டத்தின் ஊடையை நகத்தால் மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். அடியில் வேறு நிறப் பாவு நூல்கள் ஆறு ஆறாகக் கொத்தாக ஓடுவது தெரியும். விசைத்தறியில் அகலமாக நெய்த நகல்களும் இப்போது வருகின்றன. அவற்றில் இரு பக்கமும் நிறம் இருக்கலாம், அதனால் பின்பக்கச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். தையல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.